அம்மாவுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம், உடனே துளை போட்டு சரி செய்தே ஆக வேண்டுமா?

மஞ்சள்மண்டி:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது, ஊர் ஈரோடு பக்கம். ஒன்றரை வருடமாக வலது முழங்கால் வலி. சமதரையில் நடந்துவிடுகிறார், படி இறங்குவதுதான் பாடு. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்குகிறார். அரிவாள்மனையில் உட்கார்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் எம்.ஆர்.ஐ எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் நடுத்தரம், உள்பக்க ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) கிழிந்திருக்கிறது, ஆர்த்ரோஸ்கோபியில் சின்னதாகத் துளை போட்டுக் கிழிந்ததை வெட்டிச் சுத்தம் செய்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார். அது வேண்டாம் என்றால் அவருடைய ரத்தத்திலிருந்தே எடுத்துப் போடும் பி.ஆர்.பி ஊசி மூன்று. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "கிழிந்திருக்கிறது" என்று கேட்டதிலிருந்து அம்மா காலை ஊன்றவே பயப்படுகிறார். அப்படியே விட்டால் இன்னும் கிழியுமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அடுத்த புதன்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சந்தேகப்பேர்வழி:
முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், இந்த வயதில் ஜவ்வுக் கிழிசல் என்பது தலையில் நரை மாதிரி. சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரை, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பிடித்து முழங்காலை எம்.ஆர்.ஐ எடுத்தார்கள், 2008ல் வெளியானது. ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை. ஆகவே படத்தில் கிழிசல் தெரிகிறது, காலில் வலி இருக்கிறது என்பதற்காக அந்தக் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தத் துளை ஆபரேஷன். இதைப் பற்றி 2002ல் வந்த ஹூஸ்டன் ஆராய்ச்சியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூட்டு தேய்ந்த 180 பேர். சிலருக்கு உண்மையாகவே சுத்தம் செய்தார்கள், சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், மீதிப்பேருக்குத் தோலில் மூன்று கீறல் போட்டுவிட்டு, டாக்டர் ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்கி, காலை அப்படி இப்படி அசைத்து, கழுவுகிற சத்தம் வர வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக்கூடத் தெளித்திருக்கிறார்கள்! உள்ளே ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. சரி, அது தேய்மானக்காரர்கள், வெறும் ஜவ்வுக் கிழிசலுக்காவது பலன் தராதா என்று பின்லாந்தில் 146 பேரிடம் இதே மாதிரி செய்து பார்த்தார்கள், 2013ல் வந்த முடிவும் அதேதான். 2017ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், தேய்மானத்தோடு வரும் முழங்கால் வலிக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மடக்கின கால் அப்படியே மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதா? விழுந்து அடிபட்டு ஆரம்பித்த வலியா? இருந்தால் கதை வேறு. பின்லாந்துக்காரர்கள் அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

கோவைத்தம்பி:
அண்ணா நீங்கள் ஆராய்ச்சி எல்லாம் சொல்கிறீர்கள், ஆனால் எங்கள் பெரியப்பா போன வருடம் பி.ஆர்.பி போட்டுக்கொண்டார், நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் திரும்ப ஏற்றுவதுதானே, பக்கவிளைவு என்ன வரப்போகிறது. இரண்டே மாதத்தில் நன்றாக நடக்கிறார். காசு அதிகம்தான், பலன் இல்லாமலா இத்தனை பேர் போடுகிறார்கள்?

சந்தேகப்பேர்வழி:
தம்பி, பெரியப்பா நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 288 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு பி.ஆர்.பி, பாதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்று வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள், 2021ல் வெளியானது. ஒரு வருடத்தில் இரண்டு பக்கமுமே வலி குறைந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவு, குருத்தெலும்பு தேய்வதிலும் வித்தியாசம் இல்லை. உப்புத்தண்ணீர் போட்டவர் வீட்டிலும் ஒரு கோவைத்தம்பி இருந்திருப்பார், "எங்கள் பெரியப்பா நன்றாக நடக்கிறார்" என்று அவரும் எழுதியிருப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டீராய்டு ஊசிக்கும் ஒரு வார்த்தை. அவசரத்துக்கு ஒன்று போட்டால் சில வாரம் தாங்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆராய்ச்சியில், 2017, 140 பேர், வலி உப்புத்தண்ணீரைவிடக் குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது.

பிசியோ_மதுரை:
மஞ்சள்மண்டி தம்பி, நான் பதினொரு வருடமாக முட்டிகளோடு குடும்பம் நடத்துகிறவள். அம்மா படி இறங்கும் விதத்தை எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி தெரிகிறது. படி இறங்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கச் சதை. வலிக்கிறது என்று காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி நடந்தால் அந்தச் சதை வற்றிப்போகும், அது வற்றினால் மூட்டுக்கு இன்னும் பாரம், இன்னும் வலி. ஒரு இஞ்சி டேப் எடுத்து முட்டிச் சிப்பிக்கு நாலு விரல்கடை மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்து பாருங்கள், வலது பக்கம் குறைவாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அதைக் கீழே அமுக்கச் சொல்லுங்கள், ஐந்து எண்ணும் வரை. பத்துப் பத்தாக மூன்று தடவை. ஒரு வாரம் ஓடினதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையை ஊன்றாமல், ஆரம்பத்தில் சீட்டின் மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை, மறுநாள் காலை வரை வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், பத்து நாளில் பலன் இல்லை என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். பக்கத்தில் யாராவது நல்ல பிசியோவிடம் நேரில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். உடம்பு கொஞ்சம் கனம் என்றால் அதையும் பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இரும்புமூட்டு:
எல்லோரும் ஆபரேஷனே வேண்டாம் என்பது போலப் பேசுவதால் எழுதுகிறேன். எங்கள் மாமியார் இப்படித்தான் தைலம், கசாயம், பட்டை, பயிற்சி என்று எட்டு வருடம் தள்ளினார், கால் வில் மாதிரி வளைந்து ராத்திரித் தூக்கமே போனது. கடைசியில் மூட்டு மாற்றினோம், இப்போது மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகிறார். முழுக்கத் தேய்ந்தவருக்கு அதுதான் வழி. டென்மார்க்கில் 100 பேரில் பாதிப்பேருக்கு மூட்டு மாற்றி, மீதிப்பேருக்கு ஆபரேஷன் இல்லாமல் பயிற்சி போன்றவை மட்டும் கொடுத்துப் பார்த்து 2015ல் வந்த ஆராய்ச்சியில் மூட்டு மாற்றியவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது, சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. பயிற்சிப் பக்கம் இருந்த 50 பேரில் ஒரு வருடத்துக்குள் 13 பேர்தான் ஆபரேஷனுக்குப் போனார்கள். செலவுக்குப் பயந்து தள்ளாதீர்கள், 2017 ஆகஸ்டில் மத்திய அரசு சாதாரண கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது, அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அது மூட்டின் விலை மட்டும், அறை வாடகையும் மற்றதும் தனி.

மஞ்சள்மண்டி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கால் மாட்டிக்கொள்வது இல்லை, விழவும் இல்லை. அக்கா சொன்னபடி டேப் வைத்து அளந்தேன், வலது தொடை இரண்டு சென்டிமீட்டர் குறைவு! புதன்கிழமை போய் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வருகிறோம் என்று சொல்லப்போகிறேன். நரை கதையைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: வாசலில் உட்கார்ந்து கோலம் போடலாமா?

பிசியோ_மதுரை:
குத்துக்காலிட்டு உட்கார்வது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. ஒரு சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து போடட்டும். மார்கழிக்குள் பார்க்கலாம்.