கோல்ஃப் டிரைவர் ஷாஃப்ட்: வேகம் 92-95, ஸ்டிஃப்லயே இருக்கவா ரெகுலருக்கு மாறவா?

பச்சைப்புல்17

எல்லாருக்கும் வணக்கம். கோல்ஃப்ல வலது கை ஆட்டம், ஹேண்டிகேப் (ஆட்டத் தர எண், கம்மியா இருந்தா நல்ல ஆட்டக்காரர்) 17. லாஞ்ச் மானிட்டர்ல (வீச்சையும் பந்தையும் அளக்கிற கருவி) பாத்தப்போ டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கிற நீளமான கிளப்) ஸ்விங் வேகம் மணிக்கு 92லேர்ந்து 95 மைலுக்குள்ள தான் இருக்கு, முறுக்கி அடிச்சா 98 வரைக்கும் போகும். இப்போ இருக்கிறது டிரைவரோட கூடவே வந்த ஸ்டிஃப் ஷாஃப்ட் (கிளப்போட தண்டு; ஸ்டிஃப்னா கம்மியா வளையும், ரெகுலர்னா அதிகமா வளையும்), 60 கிராம் வகை, நீளம் 45.75 இன்ச், ஹெட் 9 டிகிரி சாய்வு. பந்து தாழ்வா கிளம்பி வலது பக்கமா வளைஞ்சு போயிடுது, நல்லா பட்டதுன்னு நினைக்கிற அடி கூட கேரி (பந்து தரையில விழுற வரைக்கும் பறக்கிற தூரம்) 195 யார்டோட நின்னுடுது.

கூட ஆடுறவங்க ஒருத்தர் ரெகுலர் போடு பந்து தானா மேல எழும்பும்ங்கிறாரு, இன்னொருத்தர் உன் ஸ்விங்குக்கு ரெகுலர் போட்டா பந்து எங்க போகும்னே தெரியாதுங்கிறாரு. சார்ட்ல பாத்தா 85-95 ரெகுலர், 95-105 ஸ்டிஃப், நான் சரியா கோட்டு மேல நிக்கிறேன். டாப்ல இருந்து கீழ வர்றப்போ கொஞ்சம் வேகமா இழுக்கிற ஆள் நான். இதுல டார்க், கிக் பாயிண்ட்டுனு வேற போட்டிருக்காங்க, எதை முதல்ல பாக்கணும்னு சொல்லுங்க.

நிதானவீச்சு

அந்த சார்ட் ஒரு தோராயம் தான் ப்ரோ, அதுல கோட்டு மேல நிக்கிறோம்னு கவலைப்படாதீங்க. ஷாஃப்ட் மேல இருக்கிற ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) எழுத்துக்கு பொதுவான அளவுகோல்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஒரு கம்பெனியோட ஸ்டிஃப் இன்னொரு கம்பெனியோட ரெகுலர் மாதிரி வளையும், ஒரே கம்பெனிக்குள்ளயே ரெண்டு மாடலுக்கு நடுவுல வித்தியாசம் வரும். நான் யாரு கேட்டாலும் முதல்ல எடையை பாருன்னு தான் சொல்வேன். 50, 60, 70 கிராம்னு மூணையும் கையில வாங்கி அடிச்சு பாருங்க, எழுத்தை பாக்கவே பாக்காதீங்க. எடை சரியில்லன்னா டெம்போ (வீச்சோட தாளம்) கெடும், டெம்போ கெட்டா ஃபேஸ்ல (ஹெட்டோட முகம்) பந்து படுற இடம் மாறும், அதுக்கப்புறம் ஃப்ளெக்ஸ் (ஷாஃப்ட் வளையற தன்மை) எதுவா இருந்தா என்ன.

நீங்க டாப்ல இருந்து வேகமா இழுக்கிறேன்னு சொன்னீங்களே, உங்க கேள்வியிலயே எனக்கு முக்கியமா பட்டது அந்த ஒரு வரி தான். 94 மைல்ல அடிக்கிற ரெண்டு பேர எடுத்துக்கோங்க, ஒருத்தர் மேல போய் ஒரு நொடி நின்ன மாதிரி தெரிஞ்சு மெதுவா ஆரம்பிச்சு கடைசில வேகம் புடிப்பாரு, இன்னொருத்தர் பேக்ஸ்விங் முடியறதுக்குள்ளயே கீழ இழுத்துடுவாரு. மானிட்டர்ல ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் தான், ஆனா ஷாஃப்ட் மேல விழுற பாரம் வேற. முதல் ஆளுக்கு 50 கிராம் ரெகுலர் அழகா ஒத்துவரும், ரெண்டாவது ஆளுக்கு அதே ஷாஃப்ட்ல ஹெட் எங்க இருக்குன்னே கைக்கு தெரியாது. அதனால ரொம்ப லேசான ஷாஃப்ட் பக்கம் உடனே போயிடாதீங்க, 60 கிராம்ல கொஞ்சம் மென்மையான ஒண்ணையும் 50 கிராம்ல ஸ்டிஃப் ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அடிச்சு பாருங்க.

ஹெட்டும்கிரிப்பும்

மேல சொன்னது சரி தான், ஆனா ஷாஃப்ட்டுக்கு பணம் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி வேற ரெண்டு விஷயம் பாக்கணும் சார். எல்பிஜிஏ டூர் (தொழில்முறை பெண்கள் கோல்ஃப் தொடர்) ஆட்டக்காரங்களோட சராசரி டிரைவர் வேகமும் உங்க வேகமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், அவங்க கேரி 220 யார்டு பக்கம் இருக்கு. வேகம் இருக்கு உங்ககிட்ட, அது பந்துக்கு போய் சேரல. அது ஷாஃப்ட்னால மட்டும் வர்ற இழப்பு இல்ல.

முதல் விஷயம், ஃபேஸ்ல எங்க படுது. கால்ல அடிக்கிற பவுடர் ஸ்ப்ரே இருக்கே, அதை ஃபேஸ் மேல மெல்லிசா ஒரு கோட் அடிங்க, வெள்ளையா படியும், அடிச்சவுடனே பந்து பட்ட இடம் வட்டமா கறுப்பா தெரியும். ஒரு பத்து பந்து அடிச்சு பாத்தாலே கதை புரிஞ்சிடும். ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேர்ற பக்கம்) படுதுன்னா கியர் எஃபெக்ட்னால (நடுவை விட்டு பட்டா ஹெட் திரும்பி பந்துக்கு பக்கச் சுழற்சி குடுக்கிறது) ஃபேஸ் நேரா இருந்தா கூட பந்து வலது பக்கம் வளையும். நடுவுக்கு கீழ படுதுன்னா தாழ்வா கிளம்பும், ஸ்பின்னும் ஏறும். நீங்க சொன்ன ரெண்டு தொல்லையும் இதுலயே வந்துடுச்சு பாத்தீங்களா.

ரெண்டாவது லாஃப்ட், அதாவது ஃபேஸோட சாய்வு. இந்த வேகத்துக்கு 9 டிகிரி கம்மி, 10.5 சாதாரணமா சரியா வரும், கிளம்புற கோணம் 13-14 டிகிரி, ஸ்பின் நிமிஷத்துக்கு 2500-2700 சுத்து பக்கம் இருந்தா நல்லா பறக்கும். உங்க ஹெட்ல திருப்பிக்கிற ஸ்லீவ் (ஷாஃப்ட் ஹெட்ல சேர்ற இடத்துல இருக்கிற உறை) இருந்தா லாஃப்ட்ட ஏத்தி வைங்க, பெரும்பாலான ஸ்லீவ்ல லாஃப்ட் ஏறுறப்போ ஃபேஸும் கொஞ்சம் மூடும் (இடது பக்கம் திரும்பும்), வலது பக்கம் போறவங்களுக்கு அதுவும் உதவி தான். செலவே இல்லாத வேலை, இதை பாக்காம ஷாஃப்ட் மாத்துறவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

நடுக்கோடு

ஹெட்டும்கிரிப்பும் சார் சொன்னதுல ஒரு சின்ன இடத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. ஷாஃப்ட் ரெண்டாம் பட்சம்ங்கிற மாதிரி படிக்கிறவங்க எடுத்துக்க கூடாது. ஹெட்டோட எடை மையம் ஷாஃப்ட்டுக்கு நேர்ல இல்ல, பின்னால தள்ளி இருக்கு, அதனால பந்துகிட்ட வர்றப்போ ஷாஃப்ட் நுனி முன்னாடி வளைஞ்சு தான் வரும். அப்படி வளையறப்போ லாஃப்ட் கொஞ்சம் கூடும், ஃபேஸும் கொஞ்சம் மூடும். மணிக்கட்ட கடைசி வரைக்கும் மடக்கி வச்சிருந்து விடுறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும், பாதி வழியிலயே கைய அவுத்து விடுறவங்களுக்கு எந்த ஷாஃப்ட் போட்டாலும் அவ்வளவா தெரியாது. நீங்க இதுல எந்த ரகம்னு பக்கவாட்டுல இருந்து ஒரு ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து பாத்தா போதும்.

டார்க் பத்தி கேட்டீங்க, அது ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கிக்கும்ங்கிற அளவு, டிகிரில போடுவாங்க. 3 பக்கம் இருந்தா கையில கட்டை மாதிரி இறுக்கமா இருக்கும், 5க்கு மேல போனா மெதுமெதுன்னு இருக்கும். லேசான ஷாஃப்ட்ல தானாவே டார்க் கூடுதலா தான் இருக்கும், அதை மட்டும் தனியா எடுத்து வச்சு தேர்வு பண்ணாதீங்க. கிக் பாயிண்ட்டும் (ஷாஃப்ட் அதிகமா வளையற இடம்) அப்படித்தான், லோ போட்டா உயரம், ஹை போட்டா தாழ்வுனு சொல்வாங்க, திசை சரி, ஆனா கிடைக்கிற மாற்றம் ரொம்ப கம்மி. ஒரு உதாரணத்துக்கு ஃபுஜிகுரா கம்பெனியோட வென்டஸ் ஷாஃப்ட் எடுத்தா சிவப்பு உயரமா கிளம்ப, நீலம் நடுத்தரம், கறுப்பு தாழ்வுக்குனு வச்சிருக்காங்க. கறுப்பு பாக்க நல்லா இருக்கும், டூர்ல நிறைய பேர் கையில இருக்கும், உங்களுக்கு அது வேண்டாம்.

பச்சைப்புல்17

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஸ்ப்ரே அடிச்சு பாத்தேன், கறுப்பு வட்டம் எல்லாம் நடுவுல இருந்து ஹீல் பக்கமா தள்ளி, ஒண்ணு மேல ஒண்ணு கொத்தா கிடக்கு. ஸ்லீவ்ல லாஃப்ட்ட முழுசா ஏத்தினேன், பந்து கண்ணுக்கு தெரியற அளவு உயரமா போகுது. அப்புறம் கிரிப்ப ஒரு இன்ச் இறக்கி புடிச்சு அடிச்சேன், வட்டம் நடுவுக்கு வந்துடுச்சு! வேகம் 92 தான் காட்டுது, ஆனா பந்தோட வேகம் முன்னைவிட கூடியிருக்கு. அப்போ இருக்கிற ஷாஃப்ட்டயே ஒரு இன்ச் வெட்டிடலாமா, இல்ல புதுசா பாக்கணுமா?

ஹெட்டும்கிரிப்பும்

அருமை சார், எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் இறக்கி புடிச்சே ஆடுங்க, கோர்ஸ்லயும் இதே மாதிரி வருதான்னு பாக்கணும், ரேஞ்ச்ல வர்றது எல்லாம் கோர்ஸ்ல வராது. டூர் ஆட்டக்காரங்களே நிறைய பேர் 45 இன்ச் பக்கம் தான் வச்சிருக்காங்க, அதனால நீளம் குறையுதேன்னு தயங்க வேண்டாம்.

வெட்டினா கிரிப் பக்கம் மட்டும் தான் வெட்டணும், நுனி பக்கம் கை வைக்காதீங்க, அங்க வெட்டினா ஷாஃப்ட் இன்னும் ஸ்டிஃப் ஆயிடும். அரை இன்ச் வெட்டினா ஸ்விங்வெயிட் (வீசுறப்போ ஹெட் எவ்வளவு கனமா தெரியுதுங்கிற அளவு) மூணு பாயிண்ட் பக்கம் இறங்கும், ஒரு இன்ச்னா ஆறு, அதாவது டி3ல இருந்தது சி7க்கு வந்துடும், ஹெட் காணாம போன மாதிரி லேசா இருக்கும். ஹெட்ல 2 கிராம் சேத்தா ஒரு பாயிண்ட் திரும்ப ஏறும், அதனால லெட் டேப்பையோ (ஈயத்துல செஞ்ச ஒட்டு டேப்) கனமான ஸ்க்ரூவையோ போட்டு 6-8 கிராம்ல ஆரம்பிங்க, முழுசா ஈடுகட்டணும்னு இல்ல, கைக்கு சரின்னு படுற இடத்துல நிறுத்திக்கலாம். டேப்ப ஹீல் பக்கமா ஒட்டினீங்கன்னா ஃபேஸ் மூட கொஞ்சம் சுலபமா இருக்கும்.

அதுக்கப்புறமும் வலது பக்கம் போச்சுன்னா 60 கிராம்லயே மென்மையான ஒண்ணு பாருங்க. வாங்குறப்போ உங்க ஹெட் கம்பெனியோட ஸ்லீவ் தானான்னு கேட்டு வாங்குங்க, ஒரு கம்பெனி ஸ்லீவ் இன்னொண்ணுல ஏறாது, டிரைவர் ஷாஃப்ட் நுனி அளவு 0.335 இன்ச்.