மணவிலக்கு நேர்ந்தால் நிலுவையிலுள்ள குடியுரிமை விண்ணப்பம் என்னவாகும்?

அனைவருக்கும் வணக்கம். 1946இல் மேலூரில் பிறந்து மலேசியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் அத்தையின் மகள், மதுரைக்காரரை மணந்து இருபது ஆண்டுகளாகத் திருநகரில் வசிக்கிறார். இந்தியரை மணந்து இங்கே 7 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்ற முறையில், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவின் கீழ் ஆட்சியர் அலுவலகம் வழியாக அவர் அளித்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது. இதற்கிடையே இருவரும் மனமொத்துப் பிரிய முடிவு செய்து, குடும்பநல நீதிமன்றத்துக்கு மனு தயாரித்து வருகிறார்கள்.

மணமுறிவு ஏற்பட்டால், திருமணத்தின் அடிப்படையில் பெற்ற ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டையை ரத்து செய்யலாம் என்று 7டி பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நிலுவையிலுள்ள விண்ணப்பத்தைப் பற்றி அப்படியொரு வரி என் கண்ணில் படவில்லை. இருவரும் பிரிவதை மறைக்கலாம் என்று சிலர் சொன்ன யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற குடியுரிமையை 10ஆம் பிரிவின்படி பறிக்க முடியும், அதைவிட அது சரியுமல்ல.

தாய் இங்கே பிறந்தவர் என்பதால், இந்திய வம்சாவளியினருக்கான 5(1)(ஏ) பிரிவுக்கு இதே விண்ணப்பத்தை மாற்ற இயலுமா, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? கணவரைச் சார்ந்து பெற்ற விசா அதுவரை செல்லுமா? அத்தையின் பிறப்புச் சான்றும் கைவசம் இல்லை. மேலூர்ப் பழைய பிறப்புப் பதிவேட்டு நகலைப் பெற்றவர்களும், இந்த வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞர்களும் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.