பட்டறையில் அடித்த அரிவாள்: நடந்ததைச் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு:
போன மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. காய்ந்த மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். அப்பா காலத்து அரிவாள். மூன்றாவது மட்டைக்கு ஓங்கிய கை இறங்கும்போது கையில் வெறும் பிடிதான் இருக்கிறது. அலகு எங்கே என்று திரும்புவதற்குள் பின்னால் 'ணங்' என்று சத்தம். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் பட்டு விழுந்து கிடக்கிறது. ஐந்து நிமிடம் முன்புவரை அதே விளிம்பில்தான் என் மகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிடி ஆடுவது ஒரு வாரமாகவே தெரியும். ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காலையில் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வைகைக்கரை:
என்னுடையது வேறு மாதிரி. திருப்பாச்சேத்தியில் வாங்கினேன், வாழைக்கும் வேலியோரக் கருவேலத்துக்கும். சாக்கில் சுற்றிப் பையில் வைத்துப் பேருந்தில் ஏறினால், மூக்கு சாக்கைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது! நடத்துநர் பார்த்துவிட்டார். "எங்கண்ணே வாங்குனீங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். கத்தரி விதைப் பொட்டலம் இரண்டும் வேப்பம்புண்ணாக்கும் வெளியே வந்த பிறகுதான் பேருந்து நகர்ந்தது.

மாடித்தோட்டம்:
நான் செய்த முட்டாள்தனம். மழுங்கிவிட்டதென்று மோட்டார் சாணையில் கொடுத்தேன். பொறி பறந்தது, பார்க்க அழகாக இருந்தது. சூடேறி, வாய் என்கிற வெட்டும் ஓரம் முழுக்க மயில் கழுத்து மாதிரி நீலம். இரும்பின் உறுதி போனதற்கு அதுதான் அடையாளம். அடித்துக் கொடுத்த ஆசாரியிடமே கொண்டுபோனேன். திட்டுவார் என்று நினைத்தேன். நகத்தால் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு தம்பி" என்றார், அவ்வளவுதான். மறுபடி உலையில் போட்டு, வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பழைய இரும்பு:
மாடித்தோட்டம், நீலம் பாய்ந்தால் எல்லாம் போச்சு என்று இல்லை. ஓரத்தில் கொஞ்சம்தான் என்றால் அரத்தால் ராவி எடுத்தாலே உள்ளே நல்ல இரும்பு வந்துவிடும். தென்னந்தோப்பு, நீங்கள் செய்ததுதான் பெரிய தப்பு. ஊறினால் மரம் உப்பும், சரி. காய்ந்தால் முன்பைவிடச் சுருங்கும், பிடிக்குள் இறங்கியிருக்கிற அலகின் காம்பும் துருப்பிடிக்கும். கருவேலங்கட்டையில் பிடி போடுங்கள், காம்பைப் பழுக்கக் காய்ச்சி இறக்குங்கள், அரக்கு ஊற்றுங்கள், பிடியை இறுக்குகிற வளையமான பூண் புதிதாகப் போடுங்கள், பழையதைத் தட்டி இறுக்காதீர்கள். அப்புறம், வாங்கும்போதே லாரி ஸ்பிரிங் பட்டையா என்று கேளுங்கள். கட்டடக் கம்பியைத் தட்டித் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு, அது எத்தனை முறை தோய்த்தாலும் கூர் நிற்காது. அரம் போட்டுப் பாருங்கள், வழுக்கினால் நல்லது, வெண்ணெய் மாதிரி கடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். என் கதையா? இடது கட்டைவிரல், ஆறு தையல். வேலி முள் வெட்டும்போது பேசிக்கொண்டே வெட்டினேன்.

வைகைக்கரை:
ஐயா, அரம் வழுக்கினால் நல்லது என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அளவுக்கு மீறித் தோய்த்ததும் வழுக்கத்தான் செய்யும். அப்படி ஒன்று வாங்கி, முதல் கணுவிலேயே வாய் பிறை மாதிரி சில்லுப் பெயர்ந்தது. முறுக்கு கடித்த பல் கணக்காக இருந்தது.

பழைய இரும்பு:
அது தோய்த்தவர் தப்பு, அரத்தின் தப்பு இல்லை.

தென்னந்தோப்பு:
பிடி மாற்றக் கொடுத்திருக்கிறேன், கருவேலம்தான். தொட்டி விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு விழுந்திருக்கிறது. நேற்று மகள் அதில் விரலை விட்டுப் பார்த்து, என்னப்பா இது என்று கேட்டாள். தேங்காய் விழுந்தது என்றேன்.