ரன்னவுட் (சுத்தும்போது கட்டர் மையத்த விட்டு ஆடறது) ஸ்பிண்டில்லயா (மெஷின்ல சுத்தற தண்டு), ஹோல்டர்லயா (அதுல மாட்டி கட்டரப் பிடிக்கறது), நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

டூல்ரூம் ஆளு:
எங்க பிடி40 (ஹோல்டர் டேப்பர் சைஸ்) மெஷின்ல 3 மிமீ கார்பைடு எண்ட் மில் கட்டர் மட்டும் பொட்டு பொட்டுனு ஒடைஞ்சிட்டே இருந்துச்சு, 12 மிமீ கட்டர்லாம் நல்லாத்தான் ஓடுது. ஃபீடக் கொறைங்க, கூலண்ட மாத்துங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஸ்லாட்ட அளந்தா 3.02 வருது, அப்பவே சந்தேகம். டயல் கேஜ் போட்டா கட்டர் நுனிப் பக்கம் 20 மைக்ரான் (0.02 மிமீ) அவுட். நம்ம ஃபீடே பல்லுக்கு 0.02 மிமீ தான், ரெண்டு ஃப்ளூட் (ரெண்டு பல்லு) கட்டர்ல ஒரு பல்லு 0.04 வெட்டும், இன்னொண்ணு சும்மா ஒரசிட்டுப் போகும். அப்புறம் ஒடையாம என்ன செய்யும்.

உடனே ஸ்பிண்டில் பேரிங் போச்சுன்னு பேச்சு கெளம்பிடுச்சு. இருங்கப்பான்னு சொல்லிட்டு, ஸ்பிண்டில கையால சுத்தி டயல் எங்க அதிகமா காட்டுதோ அந்த எடத்துல ஸ்பிண்டில் மூக்குலயும் (ஹோல்டர் மாட்டற முனை) ஹோல்டர்லயும் மார்க்கரால ஒரு கோடு போட்டோம். அப்புறம் ஹோல்டரக் கழட்டி 180 டிகிரி திருப்பி மாட்டணும், ஹோல்டர் பள்ளத்துல உக்கார்ற கீ இருக்கறதால வேற பொசிஷனும் கெடையாது. மேடு ஹோல்டர் கோட்டோடயே வந்தா குத்தம் ஹோல்டர், கோலெட் (ஹோல்டருக்குள்ள கட்டர இறுக்கிப் பிடிக்கற ஸ்லிட் போட்ட குழாய்), கட்டர் இதுல ஏதோ ஒண்ணுல. ஸ்பிண்டில் கோட்டுலயே நின்னா ஸ்பிண்டில்தான். ஒரு பக்கம் 20, திருப்பினா 6ன்னு அளவே மாறினா ரெண்டுலயும் இருக்குன்னு அர்த்தம், ஒரு பொசிஷன்ல சேந்துக்குது, இன்னொண்ணுல ஒண்ண ஒண்ணு கழிச்சிக்குது.

எங்களுக்கு ஹோல்டரோடயே வந்துச்சு. ஸ்பிண்டில் டேப்பருக்குள்ள (ஹோல்டர் உக்கார்ற கூம்பு ஓட்டை) நேரா லீவர் டயல் விட்டுப் பாத்தா முள்ளு 2 மைக்ரான் கூட ஆடல. அப்புறம் கட்டருக்குப் பதிலா கிரவுண்ட் பின் (துல்லியமா கிரைண்ட் பண்ண நேர் கம்பி) பிடிச்சுப் பாத்தோம், நட்டுகிட்ட 8 மைக்ரான், 50 மிமீ தள்ளி 28 மைக்ரான். ரெண்டு எடத்துலயும் ஒரே அளவுன்னா சென்டர் வெலகியிருக்கு, தள்ளிப் போகப் போக ஏறினா கோணலா உக்காந்திருக்கு. கோலெட்டக் கழட்டினா ஸ்லிட்டுக்குள்ள அலுமினியத் தூளு பிசின் மாதிரி ஒட்டிக் கெடக்கு! வேற கோலெட் போட்டதும் 5 மைக்ரானுக்குள்ள வந்துடுச்சு. ஆமா, கோலெட்ட முதல்ல நட்டுல டக்குனு மாட்டிட்டு அப்புறம்தான் ஹோல்டர்ல போடணும், இது தெரியாதவங்க இன்னும் இருக்காங்க.

பழைய செட்டர்:
எங்க கேஸ் வேற தம்பி. எல்லா ஹோல்டரும் ஓகே, புல் ஸ்டட் (ஹோல்டர ஸ்பிண்டிலுக்குள்ள இழுத்துப் பிடிக்கற தலை) புதுசா மாத்தின ஒண்ணு மட்டும் அவுட். யாரோ ஸ்பேனர்ல பைப் மாட்டி இழுத்திருக்காங்க. ஓவரா முறுக்கினா டேப்பரோட சின்ன முனை லேசா உப்பிடும், மேல மட்டும் பிடிச்சிக்கிட்டு மூக்குப் பக்கம் காத்துலதான் நிக்கும். ப்ளூ (எங்க ஒட்டுதுன்னு காட்டற நீல மை) தடவி மாட்டிக் கழட்டினேன், சின்ன முனையில ஒரு வளையம் மட்டும் பளிச்சுனு அழிஞ்சிருக்கு, மத்த எடமெல்லாம் நீலம் அப்படியே. டார்க் ரென்ச் வச்சு மேக்கர் சொன்ன அளவுக்கு டைட் பண்ணதும் சரியாச்சு.

ராத்திரி ஷிப்ட்டு:
எங்களுக்கு நெஜமாவே பேரிங்தான் அண்ணே. கையால சுத்தினா 3 மைக்ரான், அதப் பாத்துட்டு எல்லாம் நல்லாருக்குன்னு விட்டுட்டாங்க, ஆனா ஃபினிஷ்ல கோடு போகவே இல்ல. மூக்குல டயல் வச்சு மரக்கட்டையால ஸ்பிண்டில ஒரு பக்கமா நெம்பினா முள்ளு 15 மைக்ரான் போயிடுச்சு, விட்டா பாதிதான் திரும்புது. லோடு இல்லாம சுத்திப் பாத்தா இந்த ஆட்டம் தெரியாது.

டூல்ரூம் ஆளு:
சரிதான். லீவர் டயல் முள்ளயும் பாத்துக்கங்க, பரப்புக்கு முடிஞ்ச அளவு இணையா இருக்கணும். ரொம்ப சாய்ச்சு வச்சா நெஜமா இருக்கற அவுட்ட விட அதிகமா காட்டும், நல்ல ஹோல்டரயும் தூக்கிப் போட்டுடுவீங்க.