உணவை மாற்றியதிலிருந்து பூனைக்குச் சர்க்கரை இறங்குகிறது, சோறு கலந்து கொடுக்கலாமா?

செவலை வீடு, தஞ்சாவூர்:

எங்கள் செவலைக்கு 11 வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, 6 கிலோ. மூன்று மாதமாகச் சர்க்கரை. கிளார்ஜின் இன்சுலின் காலை 7 மணிக்கு 2 யூனிட், இரவு 7 மணிக்கு 2 யூனிட். ஊசிக்கு முன் பார்த்தால் எப்போதும் 280, 300 இருக்கும்.

பத்து நாளைக்கு முன் ட்ரை ஃபுட்டை நிறுத்திவிட்டு மாவுச்சத்து குறைந்த வெட் ஃபுட்டுக்கு மாற்றினேன். சர்க்கரைப் பூனைக்கு அதுதான் நல்லது என்று படித்திருந்தேன். மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும், கேட்கவில்லை. ஊசி அளவையும் மாற்றவில்லை. மதியம் 1 மணி வாக்கில் எடுத்தால் முந்தாநாள் 64, நேற்று 43. நேற்று பின்னங்கால்கள் தள்ளாடின. கண்மணி விரிந்துபோய், நடந்து போனவன் சுவரில் முட்டினான். பதறிப்போய்த் தேனைத் தடவினேன், அம்மா தயிர்சாதம் வைத்தார். ஒரு மணி நேரத்தில் 96 ஆனது. ஆனால் இரவு 7 மணிக்கு 310! ஏறிவிட்டதே என்று வழக்கம்போல் 2 யூனிட் போட்டேன். இன்று காலையும் போட்டேன். இன்று மதியம் 55.

எங்கள் மருத்துவர் திங்கள்வரை ஊரில் இல்லை. வேளைக்கு ஒரு கைப்பிடி சோறு கலந்தால் இறங்காமல் நிற்குமா? இப்போது மாலை 4 மணி.

மூன்று பூனை அக்கா, கோவை:

தம்பி, சோறு அப்புறம். முதலில் இன்று இரவு 7 மணி ஊசி. வேறொரு கால்நடை மருத்துவரிடம் பேசாமல் அந்த 2 யூனிட்டைப் போடாதீர்கள். ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் சர்க்கரை ஏறும், பெரும்பாலும் அதைத் தாங்குவான். அளவுக்கு மீறி இறங்கினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். இப்போதே போன் செய்யுங்கள். "பத்து நாள் முன் சாப்பாட்டை மாற்றினேன், நேற்று 43 வந்தது, தள்ளாடினான்" என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த 310 உங்களை ஏமாற்றிவிட்டது. சர்க்கரை ஆழமாக இறங்கும்போது உடம்பு தானே கல்லீரலில் இருக்கும் குளுக்கோஸை எடுத்து வெளியே விடும். கூடவே தேனும் தயிர்சாதமும் சேர்ந்தது. அதைப் பார்த்து ஊசி போதவில்லை என்று நினைக்கக் கூடாது.

இனி சோறு. ட்ரை ஃபுட் பையின் பின்னால் பாருங்கள், மாவுச்சத்து என்று தனியாகப் போட்டிருக்க மாட்டார்கள். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (தாது உப்புகள்), ஈரம் எல்லாவற்றையும் கூட்டி நூறில் கழித்தால் வருவதுதான் அது. 30, 10, 4, 9, 10 என்று இருந்தால் மீதி 37. அந்த மாவுச்சத்துக்குச் சேர்த்துத்தான் 2 யூனிட் தேவைப்பட்டது. அதை எடுத்துவிட்டீர்கள், ஊசி மட்டும் அப்படியே நிற்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த சாப்பாடு சரியானதுதான், குறைய வேண்டியது ஊசி. சோறு போட்டு ஊசிக்கு ஈடுகட்ட ஆரம்பித்தால், என்றைக்காவது அவன் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான், இல்லை வாந்தி எடுப்பான். அன்றைக்கு ஊசி உள்ளே இருக்கும், சோறு இருக்காது.

சிரிஞ்ச் கவனம்:

ஒன்று கேட்க வேண்டும். சிரிஞ்சின் மூடி என்ன நிறம்? கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கு. அதில் 2 கோடு இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். எங்கள் வீட்டில் ஒரு மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்து, அதைக் கவனிக்காமல் இரண்டு நாள் போட்டுவிட்டோம். அதனால்தான் எல்லோரிடமும் கேட்கிறேன்.

செவலை வீடு:

ஆரஞ்சுதான் அண்ணா, இப்போதே எடுத்துப் பார்த்தேன். மீட்டர் அம்மாவுடையது, மனிதர்களுக்கானது. அது தப்பாகக் காட்டுமா?

மூன்று பூனை அக்கா:

மனித மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். அதற்காக 43ஐ 60 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 50க்குக் கீழே வந்தால் எந்த மீட்டரானாலும் அவசரம்தான். தள்ளாட்டம் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கவே கூடாது.

இன்று ராத்திரிக்குத் தேன் அல்லது குளுக்கோஸ் பவுடர் கரைசலைக் கையருகே வையுங்கள். விழுங்குகிற நிலையில் இருந்தால் அரை டீஸ்பூன் ஈறில் தடவி, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பல்லுக்கு நடுவே விரல் விடாமல் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் தடவிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். தேன் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்யும். அதனால் தெளிந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். பழைய ட்ரை ஃபுட்டில் ஒரு பிடியை டப்பாவில் போட்டு வையுங்கள், மாவுச்சத்துக்கு இந்த ஒரு இடத்தில் வேலை உண்டு. சுகர்ஃப்ரீ இனிப்பு எதுவும் உதவாது. வெங்காயம், பூண்டு பட்ட சோறு பூனைக்கு விஷம், அவசரத்திலும் வேண்டாம்.

செவலை வீடு, இரவு 9 மணி:

மருத்துவர் ஒருவர் பேசினார் அக்கா. இன்று ஊசி வேண்டாம் என்றார். நாளை காலை 200க்கு மேல் இருந்து, சாப்பிடவும் செய்தால் மட்டும் 1 யூனிட். இல்லாவிட்டால் போட வேண்டாம், நேரில் கொண்டு வா என்றார். இப்போது 148. மடியில் படுத்திருக்கிறான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க அலாரம் வைத்திருக்கிறேன். காது நுனியைக் குத்தினால் சொட்டு வரமாட்டேன் என்கிறது.

சிரிஞ்ச் கவனம்:

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் காதில் ஒற்றுங்கள். காதோரம் ஓடுகிற ரத்தக்குழாய்க்கு வெளிப்பக்கம் குத்துங்கள், குழாயிலேயே வேண்டாம்.

செவலை வீடு, ஒன்பது நாள் கழித்து:

தள்ளாட்டம் திரும்ப வரவே இல்லை. முதல் நாள் காலை 212, 1 யூனிட். இப்போது காலை எண் 120, 130. நேற்றிலிருந்து அரை யூனிட்டாக்கியிருக்கிறார் மருத்துவர், கொஞ்ச நாளில் நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார். வெட் ஃபுட் பவுச் விலை கட்டுப்படியாகவில்லை. வேகவைத்த கோழி மட்டும் கொடுத்தால் போதுமா?

மூன்று பூனை அக்கா:

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது தம்பி. என் பெரியவன் உணவு மாறிய மூன்றாம் மாதம் ஊசியை விட்டான், நாலு வருஷமாகிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை குத்திப் பார்க்கிறேன், நோய் திரும்பி வரலாம்.

கோழி மட்டும் போதாது. வேகவைத்த தண்ணீரோடு டாரின் என்ற சத்து போய்விடும், அது குறைந்தால் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும். கால்சியமும் கிடைக்காது. பாதி பவுச், பாதி கோழி என்று போகலாமா, டாரினும் கால்சியமும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். இந்த முறை மாற்றுவதற்கு முன்னால்.