சார்ஜ் செய்தும் நான்தான் முதலில் சாகிறேன்: கைகலப்பில் எங்கே தவறு?

பிறைவாசி:
வணக்கம். மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டான ஏஜ் ஆஃப் சிக்மர் நான்காம் பதிப்பு ஆடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. என்னிடம் ஸ்டார்ம்காஸ்ட் என்ற கவசப்படை. ஞாயிறு காலை பசியாறிவிட்டுப் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனில் நண்பன் வீட்டுக்குப் போவேன். அவன் ஸ்கேவன் எலிப்படை. நான்கு ஆட்டமும் தோல்வி. நேற்று என் முறையில் சாதாரண வீரர்களான லிபரேட்டர்கள் சின்ன எலிகளான கிளான்ரேட் கூட்டத்தின் மேலும், என் தலைவர் லார்டு விஜிலன்ட் ராட்சத எலிகளான ரேட் ஓகோர்கள் மேலும் சார்ஜ் செய்து, அதாவது பகடை உருட்டி வரும் தூரம் ஓடி, பாய்ந்தார்கள். லிபரேட்டர்களை முதலில் அடிக்க விட்டேன். ஏழெட்டு எலி செத்தது. உடனே ரேட் ஓகோர்கள் லார்டைக் கொன்றுவிட்டன, அவர் ஆயுதத்தை ஓங்கக்கூட இல்லை. சார்ஜ் செய்தவனுக்குத்தானே முதல் அடி? பாதி சார்ஜ் எட்டாமலே போவது வேறு.

செந்தூல்காரன்:
தம்பி, சார்ஜ் செய்ததால் முதல் அடி கிடைப்பதில்லை. யாருடைய முறை நடக்கிறதோ அவர் ஒரு யூனிட்டை, அதாவது ஒன்றாக இயங்கும் ஒரு குழுவையோ தனித் தலைவரையோ, தேர்ந்து அடிப்பார், அடுத்து எதிராளி ஒன்று, இப்படியே மாறி மாறிப் போகும். கையில் இருந்த அந்த ஒரு முதல் அடியை எலிகள் மேல் செலவழித்துவிட்டீர்கள். கிளான்ரேட் அடித்தால் லிபரேட்டர்கள் தாங்குவார்கள், அவர்கள் கவசம் அதற்குத்தான். ரேட் ஓகோர் அடியை அப்படித் தாங்க முடியாது. காத்திருந்தால் எங்கே அதிகம் இழப்பீர்களோ, அங்கே முதலில் அடிக்க வேண்டும். அப்புறம், எவ்வளவு தூரத்தில் சார்ஜ் சொல்கிறீர்கள்?

பிறைவாசி:
பகடையில் ஒன்பது விழுந்தால்தான் எட்டும் என்கிற தூரம், பெரும்பாலும்.

செந்தூல்காரன்:
அதுதான். இரண்டு பகடைக்கு 36 விதம், அதில் ஒன்பதோ அதற்கு மேலோ வருவது 10 விதம்தான். சுமார் 28 சதவீதம். கட்டளைப் புள்ளி கொடுத்து மறுபடி உருட்டினாலும் 48 சதவீதத்தைத் தாண்டாது. ஏழு போதுமென்றால் 58, ஐந்து போதுமென்றால் 83. அவசரப்படாமல் அவனை வர விடுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
வர விடலாம் தம்பி, ஆனால் லார்டு மேல் வர விடாதீர்கள். லிபரேட்டர்களை முன்னால் அகலமாகப் பரப்புங்கள். லார்டு அவர்களை ஒட்டி நிற்கக் கூடாது. கைகலப்புத் தூரம் 3 அங்குலம், ஆகவே முன்வரிசை மேல் பாய்ந்தவன் பின்னால் நிற்பவரையும் சேர்த்து அடிப்பான். நான் எப்போதும் நான்கைந்து அங்குலம் இடைவெளி விடுவேன். முன்வரிசை அடிவாங்கும்போது மனசு கஷ்டப்படும்தான். ஆனால் அடுத்து உங்கள் முறை வரும்போது ரேட் ஓகோர்கள் பக்கத்திலேயே நிற்கும், சின்ன சார்ஜ் போதும், முதல் அடியும் உங்களுடையது.

பிறைவாசி (அடுத்த ஞாயிறு):
அக்கா, அண்ணே, மிக்க நன்றி! லிபரேட்டர்களில் மூன்று பேர் போனார்கள். ஆனால் லார்டு ஐந்து அங்குலம்தான் பாய வேண்டியிருந்தது, ரேட் ஓகோர்களை முதலில் அடித்தார், ஐந்தாம் சுற்று வரை நின்றார். புள்ளிக் கணக்கில் தோற்றேன், பிடித்தால் புள்ளி தரும் குறியிடங்களைக் கவனிக்கவே இல்லை. அதைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன்.