நெல் தாளை மடக்கி உழுதால் தழைச்சத்து (நைட்ரஜன்) தங்குமா, போகுமா?

கல்லல் செம்மண்
போன தை நெல் அறுப்பில் பெல்ட் வண்டி (அறுவடை இயந்திரம்) விட்டுப்போன வைக்கோலைக் கட்டாமல், ரோட்டவேட்டர் விட்டு உழுது மண்ணுக்குள் மடக்கினேன். கோடை மழை சரியாக இல்லை. ஆவணியில் புழுதி விதைப்பு விதைக்கும்போதும் தாள் தாளாகவே கிடந்தது. மழை வந்து பயிர் முளைத்த இருபதாம் நாள் வயல் முழுக்க மஞ்சள். அடுத்த செய் (வயல்) என் சித்தப்பாவுடையது. அவர் தாளைக் கொளுத்தியவர், அவர் பயிர் கரும்பச்சை. நான் இரண்டு தடவை கூடுதலாக யூரியா போட்டுத்தான் பயிரைத் தூக்கினேன். தாளை மண்ணுக்குக் கொடுத்தால் தழைச்சத்து இழப்பு குறையும் என்கிறார்கள். எனக்கோ இழப்பு அதிகமாகத்தான் ஆனது.

கண்மாய்க்கரை
அண்ணே, பயிர் மஞ்சளடித்தது சரி. ஆனால் சத்து வயலை விட்டுப் போய்விட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நெல் தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு வரை கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களின் உடம்பிலோ ஒன்றுக்கு எட்டுப் பத்துதான். பற்றாத தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பயிருக்குக் கிடைக்காது. அவை செத்து மட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

நம் பக்கத்துக்கு இது முக்கியம். புழுதியில் விதைத்து வானம் பார்த்து நிற்கும் நாட்களில், லேசான ஈரத்தில் மண்ணின் தழைச்சத்து, நீரில் எளிதில் கரையும் நைட்ரேட்டாக மாறிச் சேர்ந்திருக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்து வயல் நிறைந்ததும், செம்மண்ணில் அது நீரோடு கீழே இறங்கும். காற்றுப் புகாத சேற்றில் மிச்சமும் வாயுவாகப் போகும். அந்த நைட்ரேட்டை முன்கூட்டியே பிடித்துவைப்பது தாளைத் தின்னும் நுண்ணுயிர்தான்.

தொழுவத்து ஆள்
தம்பி, பாதியைத்தான் சொல்கிறீர்கள். நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கும் கரிமம்தானே தீனி? மட்காத தாள் நிறைந்த வயலில் தண்ணீர் கட்டினால் அந்த வேலையும் வேகமாக நடக்கும். வழியில் நைட்ரஸ் ஆக்சைடும் வரும், சேற்றிலிருந்து மீத்தேனும் கூடும்.

இன்னொன்று, தாள் மேலே பரந்து கிடக்கும்போது அதன்மேல் யூரியாவை வீசினால் கேடு. யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் நொதி தாளில் அதிகம். மண்ணைத் தொடுமுன்பே காற்றில் போய்விடும். செம்மண் அண்ணன் கூடுதலாகப் போட்ட யூரியாவில் எவ்வளவு அப்படிப் போயிருக்கும்?

என் கட்சி ஒன்றுதான். வைக்கோல் படப்புக்குப் போகட்டும், மாடு தின்னட்டும், சாணமாக வயலுக்கு வரட்டும். மஞ்சுவிரட்டுக்காளை வளர்க்கும் ஊரில் வைக்கோலை உழுது மடக்குவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கண்மாய்க்கரை
மாடு இருந்தால் சரிதான் ஐயா. எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் தொழு இருக்கிறது? இயந்திரம் கட்டும் உருளைகள் லாரியேறிக் கேரளாவுக்குப் போகின்றன. அதோடு சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) போகிறது. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்றால் தழைச்சத்து ஏறத்தாழ 12 கிலோ, அரை மூட்டை யூரியாவுக்குச் சற்று மேல். பொட்டாசியம் 25 கிலோவுக்குக் குறையாது, அது ஒரு பொட்டாஷ் மூட்டைக்குச் சமம். திரும்பி வராத வைக்கோலுக்கு இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

யூரியா பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மேலே கிடக்கும் தாளில் வீசக் கூடாது. வாயுவாகும் விஷயமும் உண்மை. அதனால்தான் தாள் முன்கூட்டியே மட்க வேண்டும் என்கிறேன். சித்திரை, வைகாசியில் ஒரு நல்ல மழை கிடைத்தால் அன்றே மடக்க வேண்டும். விதைப்புக்கு முன் மூன்று, நான்கு வாரமாவது ஈரம் காண வேண்டும்.

கல்லல் செம்மண்
அந்த மழை வராவிட்டால்? கரையான்தான் தின்றது. அப்புறம், சித்தப்பா வயல் மட்டும் எப்படிப் பச்சையாக நின்றது?

கண்மாய்க்கரை
அங்கே சத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, இருந்த நைட்ரேட் முழுக்கப் பயிர் கைக்கு வந்தது. ஆனால் தாளில் இருந்த தழைச்சத்து அனேகமாக முழுவதும் புகையோடு போனது. சாம்பலில் பொட்டாஷ் இருக்கும், தழைச்சத்து இருக்காது. வருஷா வருஷம் கொளுத்தினால் அந்த மண் வெளுத்துத்தான் போகும்.

மழை வராத வருஷத்தில் மடக்க வேண்டாம் அண்ணே, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கட்டித் தொழுவுக்கோ குப்பைக்குழிக்கோ கொடுங்கள். குழியில் சாணக் கரைசலோடு மட்கிய தாள் மண்ணின் சத்தைப் பிடுங்காது.

தொழுவத்து ஆள்
குழி என்றால் நானும் சம்மதம். ஆனால் தாள் மடக்கிய வயலில் முதல் மேலுரத்தை (வளரும் பயிருக்குப் போடும் யூரியாவை) எந்த நாளில் போடுவது? தண்ணீர் கட்டிய பிறகா, முன்பா?

கல்லல் செம்மண்
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். இந்த வருஷம் அரைச் செய்யில் மடக்கி, அரைச் செய்யில் தாளை எடுத்துப் பார்க்கப்போகிறேன். தண்ணீரை வடித்து, ஈரமண்ணில் யூரியாவைப் போட்டு, உடனே மடை திறக்கலாம் என்று நினைக்கிறேன். தப்பென்றால் இப்போதே சொல்லுங்கள்.